பொக்லைனும் ஜேசிபியும்: மண் அள்ளும் வண்டிகளுக்குப் பெயர் கொடுத்த இரண்டு குடும்பங்கள்

தருமபுரியிலோ கிருஷ்ணகிரியிலோ ஓர் ஏரிக்கரை ஆக்கிரமிப்பு அகற்றப்பட்டால், மறுநாள் நாளிதழில் "பொக்லைன் இயந்திரம் மூலம் அகற்றப்பட்டது" என்று செய்தி வரும். அதே இடத்தில் நின்று பார்த்த ஊர்க்காரரைக் கேட்டால், "ஜேசிபி வந்து தள்ளிட்டுப் போயிடுச்சு" என்பார். இருவரும் சொல்வது ஒரே மஞ்சள் வண்டியைத்தான். ஒருவர் பயன்படுத்திய சொல் ஒரு பிரெஞ்சுக் குடும்ப நிறுவனத்தின் பெயர். மற்றவர் பயன்படுத்தியது ஓர் ஆங்கிலேயரின் பெயருக்குரிய மூன்று முதலெழுத்துகள். தமிழில் இயந்திரத்தின் பொதுப்பெயராகவே வேரூன்றிவிட்ட இந்த இரண்டு சொற்களுக்கும் பின்னால், கனரகப் பொறியியலில் இறங்கிய இரண்டு குடும்பங்களின் வரலாறு இருக்கிறது. ஏறத்தாழ ஒரே மாதிரித் தொடங்கிய அவ்விரண்டில் ஒன்று இன்றும் அந்தக் குடும்பத்தின் கையிலேயே நிற்க, மற்றது ஏன் கைமாறிப் போனது என்பதை விளங்கிக்கொண்டால், நம் மாவட்டங்களின் மேட்டு நிலத்துக்கு எந்த வண்டி வந்து சேர்ந்தது, ஏன் அதுவே வந்தது என்பதும் விளங்கும்.

முதலில் வண்டிகளைப் பிரித்துக்கொள்வோம். நாம் ஜேசிபி என்று சொல்வது நான்கு டயர்களில் ஓடுவது. முன்பக்கம் மண்ணை வாரித் தள்ளும் அகன்ற வாளி, பின்பக்கம் முழங்கை போல் மடங்கி நீளும் கையும் அதன் நுனியில் பற்கள் வைத்த குறுகிய வாளியும் கொண்டது. ஓட்டுநர் இருக்கையைத் திருப்பிப்போட்டு உட்கார்ந்து பின்கையை இயக்குவார். பொக்லைன் என்பது, சொல் பிறந்த இடத்தின்படி பார்த்தால், வேறு வகை: அடிப்பகுதி அசையாமல் நிற்க, மேற்பகுதி முழுவதும் வட்டமாகச் சுழலும் தோண்டு வண்டி. இரும்புச் சங்கிலிப் பட்டையில் நகரும் அத்தகைய வண்டியை இப்போது எங்கள் பக்கத்தில் பெரும்பாலும் ஹிட்டாச்சி என்றே சொல்கிறார்கள். நாளிதழ்கள் மட்டும் எல்லாவற்றுக்கும் பொக்லைன் என்ற பழைய சொல்லை விடாமல் வைத்திருக்கின்றன.

ஜேசிபி என்பதன் விரிவு ஜோசப் சிரில் பாம்ஃபோர்டு. 1916-இல் பிறந்த அவருடைய குடும்பம் இங்கிலாந்தின் ஸ்டாஃபோர்ட்ஷைர் வட்டாரத்தில், யுட்டாக்சிட்டர் என்ற சிறு சந்தை நகரில், 19-ஆம் நூற்றாண்டிலிருந்தே வேளாண் கருவிகள் செய்துவந்த குடும்பம். ஆகவே அவர் ஒன்றுமில்லாத இடத்திலிருந்து வந்தவர் அல்லர். இரும்பும் உலையும் உழவர்களின் தேவையும் தெரிந்த வீட்டுப்பிள்ளை. ஆனால் அந்தக் குடும்பத் தொழிலில் அவருக்கு இடம் நிலைக்கவில்லை. போர்க்காலப் பணி முடிந்து திரும்பியவர் சிறிது காலம் அங்கே வேலை செய்தார். இவனுக்கு இங்கே எதிர்காலம் இல்லை என்று எண்ணி அவருடைய சிற்றப்பாவோ பெரியப்பாவோ ஆன உறவினரே அவரை விலக்கிவிட்டார். பெரிய குடும்பத் தொழில்களில் இது நடக்கக்கூடியதுதான். ஒரு கிளையை வெட்டிவிட்டால் அது வேறோர் இடத்தில் வேர்விடும். பிற்காலத்தில் பழைய பாம்ஃபோர்டு நிறுவனம் மூடப்பட்டுவிட்டது; வெளியே அனுப்பப்பட்டவர் தொடங்கியதுதான் நின்றது.

1945 அக்டோபர் 23 அன்று, வாடகைக்கு எடுத்த ஒரு சிறு கொட்டகையில் அவர் தொழிலைத் தொடங்கினார். 12 அடிக்கு 15 அடி இடம். நம் ஊரில் ஒரு சைக்கிள் கடைக்கு இருக்கும் அளவு. ஒரு பவுண்டுக்கு வாங்கிய பழைய வெல்டிங் கருவி, போர் முடிந்து வீணாகக் கிடந்த இரும்புத் தகடுகள். இவற்றைக் கொண்டு டிராக்டருக்குப் பின்னால் இழுத்துச் செல்லும் டிப்பர் டிரெய்லர் ஒன்றைச் செய்தார். சந்தையில் அது 45 பவுண்டுக்கு விற்றது. வாங்கியவர் தம் பழைய பண்ணை வண்டியையும் ஈடாகக் கொடுத்தார்; அதைப் பழுதுபார்த்து இன்னொரு 45 பவுண்டுக்கு விற்றார். நிறுவனம் தொடங்கிய அதே நாளில் அவருடைய மூத்த மகன் ஆன்டனி பிறந்தார். முப்பது ஆண்டுகள் கழித்து, 1975-இல், நிறுவனத்தின் தலைவராக அமர்ந்தவர் அந்த மகன்தான்.

மூன்று ஆண்டுகளில் ஆறு பேர் வேலை செய்யும் பட்டறையாக அது வளர்ந்தது. 1948-இல், எண்ணெய் அழுத்தத்தால் தூக்கிக் கொட்டும் டிரெய்லரை அவர்கள் செய்தார்கள். இந்த இடத்தில் சற்று நின்று பார்க்க வேண்டும், ஏனென்றால் பின்னால் வந்த எல்லாமே இந்த எண்ணெய் அழுத்தத்தின் மேல்தான் நிற்கிறது. மூடிய குழாய்க்குள் இருக்கும் எண்ணெயை ஒரு பம்பு அழுத்தும்போது, அந்த அழுத்தம் குழாயின் எல்லாப் பக்கங்களுக்கும் ஒரே அளவில் பரவும். குழாயின் மறுமுனையில் அகன்ற உருளையும் அதற்குள் நகரும் தண்டும் இருந்தால், உருளையின் பரப்பு எவ்வளவு பெரியதோ அவ்வளவு விசை தண்டில் கிடைக்கும். கம்பிவடமும் கப்பியும் பற்சக்கரமும் வைத்து மண் தோண்டிய பழைய இயந்திரங்களுக்கு ஒரு சிறு கட்டடம் அளவு உடம்பு தேவைப்பட்டது. எண்ணெய் அழுத்தமோ, வளையும் ரப்பர் குழாய் வழியே விசையை வேண்டிய மூட்டுக்குக் கொண்டுபோனது. அதனால்தான் ஒரு டிராக்டரின் பின்னால் தொங்கும் அளவுக்கு ஒரு தோண்டு கையைச் செய்ய முடிந்தது.

1950-இல் பட்டறை ரோசெஸ்டர் என்ற ஊரில், பழைய பாலாடைக்கட்டித் தொழிற்சாலை ஒன்றுக்கு மாறியது. அடுத்த ஆண்டு வண்டிகளுக்கு மஞ்சள் வண்ணம் பூசத் தொடங்கினார்கள். 1953-இல் நார்வேக்குச் சென்ற பாம்ஃபோர்டு அங்கே டிராக்டரில் பொருத்திய தோண்டு கை ஒன்றைக் கண்டார். டிராக்டரின் முன்னால் ஒரு வாளி இருக்கட்டும், பின்னால் ஒரு கை இருக்கட்டும், இரண்டையும் ஒரே வண்டியில் ஒரே ஆள் இயக்கட்டும் என்ற எண்ணம் அதிலிருந்து வளர்ந்தது. ஜேசிபி என்ற மூன்று எழுத்துச் சின்னம் முதலில் வந்ததும் அந்த ஆண்டில்தான். தோண்டு கையை அவர்தான் முதலில் கண்டுபிடித்தார் என்று சொல்வது சரியாகாது. அமெரிக்காவில் 1940-களின் இறுதியிலேயே டிராக்டரில் பொருத்தும் எண்ணெய் அழுத்தத் தோண்டு கை விற்பனைக்கு வந்துவிட்டது. அவருடைய திறமை வேறோர் இடத்தில் இருந்தது. இந்த வண்டியை வாங்கப்போகிறவர் யார் என்பதை அவர் சரியாகக் கண்டுகொண்டார்: பெரிய அணை கட்டும் நிறுவனம் அன்று, வீட்டுக்கு அடித்தளம் பறிக்கும் சிறு ஒப்பந்ததாரர், வடிகால் வெட்டும் பண்ணையாளர், தன் வண்டியைத் தானே ஓட்டும் மனிதர். நாள் முழுவதும் கூண்டுக்குள் உட்கார்ந்திருக்கும் அந்த மனிதருக்காக, தேநீருக்கு வெந்நீர் வைக்கும் கெண்டியைச் செருக வண்டிக்குள்ளேயே மின்வசதி வைத்தார். முதலில் விற்ற வண்டிகளுக்குக் கெண்டியை அவரே கொண்டுபோய்க் கொடுத்தார் என்பார்கள். 1964-இல் மட்டும் 3சி என்ற மாதிரியில் 3,000-க்கும் மேற்பட்ட வண்டிகள் விற்றன.

பொக்லைனின் தொடக்கமும் வேளாண்மையில்தான் இருக்கிறது. பாரிசுக்கு வடகிழக்கே, ஊவாஸ் வட்டாரத்தில், ஜார்ஜ் பட்டாய் என்பவர் 1920-களில் வேளாண் இயந்திரப் பட்டறை ஒன்றைத் தொடங்கினார். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அவர்களும் எண்ணெய் அழுத்தத்துக்கு வந்தார்கள். 1951-இல் முதல் தோண்டு வண்டி, 1961-இல் டிஒய் 45 என்ற மாதிரி. மேற்பகுதி முழு வட்டமாகச் சுழல, எல்லா இயக்கமும் எண்ணெயால் நடக்கும் டயர் வண்டி அது. ஐரோப்பாவின் கட்டுமானக் களங்களில் கம்பிவட இயந்திரங்களை ஓரம் தள்ளியது இந்த வண்டிதான் என்று சொன்னால் மிகையாகாது. தொழில்நுட்பத்தில் மட்டும் ஒப்பிட்டால், 1960-களில் பட்டாய் குடும்பம் பாம்ஃபோர்டு குடும்பத்தைவிட முன்னே இருந்தது என்றே நான் கருதுகிறேன்.

இந்தியாவுக்கு முதலில் வந்ததும் அவர்கள்தான். இரண்டு டென்மார்க்குக்காரர்கள் 1938-இல் பம்பாயில் தொடங்கிய லார்சன் அண்ட் டூப்ரோ நிறுவனம், பொக்லைனின் உரிமம் பெற்று 1970-களில் இங்கேயே அந்த வண்டிகளைச் செய்யத் தொடங்கியது. எல் அண்ட் டி பொக்லைன் 90 சிகே என்ற மாதிரியை மூத்த ஆபரேட்டர்கள் இன்றும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அணை, கால்வாய், சுரங்கம் என்று எங்கும் அதன் உடம்பில் பெரிய எழுத்தில் அந்தப் பெயர் இருந்தது. பிரெஞ்சுக்காரர்கள் அதைப் பொக்லான் என்பது போல ஒலிப்பார்கள். நம்மவர்கள் எழுத்தைப் பார்த்துப் படித்ததால் பொக்லைன் ஆனது. தமிழ் நாளிதழ்களின் மொழியில் அது புகுந்தது அந்தத் தலைமுறையில்தான்.

ஆனால் அதே 1970-களில் அந்தக் குடும்பத்தின் பிடி தளர்ந்தது. பொக்லைன் மேலும் மேலும் பெரிய வண்டிகளை நோக்கிச் சென்றது. அக்காலத்தில் உலகின் மிகப் பெரியவற்றுள் ஒன்றாக எண்ணப்பட்ட சுரங்கத் தோண்டு வண்டியை அது செய்தது. அப்படிப்பட்ட வண்டிக்கு வாடிக்கையாளர் கைவிரல் விட்டு எண்ணும் அளவே இருப்பார்கள், அதைச் செய்ய முதலீடோ மலையளவு வேண்டும். 1973-இன் எண்ணெய் நெருக்கடிக்குப் பின் ஐரோப்பாவில் கட்டுமானம் சுருங்கியபோது, விரிவாக்கத்துக்கு வாங்கிய கடன் கழுத்தை நெரித்தது. 1977-இல் அமெரிக்காவின் கேஸ் நிறுவனம் 40 விழுக்காட்டுப் பங்கை வாங்கியது. 1987-க்குள் தோண்டு வண்டித் தொழில் முழுவதும் அதன் கைக்குப் போய்விட்டது. எண்ணெய் அழுத்த மோட்டார்களும் பம்புகளும் செய்யும் பகுதியை மட்டும் பட்டாய் குடும்பம் தனியே பிரித்து வைத்துக்கொண்டது. பொக்லைன் ஹைட்ராலிக்ஸ் என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

குடும்பத்தின் கையில் இருந்ததால் ஜேசிபி நின்றது என்று எளிதாகச் சொல்லிவிடுவது வழக்கம். பொக்லைனை அருகில் வைத்துப் பார்க்கும்போது அந்த விளக்கம் போதாது என்பது தெரிகிறது. அதுவும் குடும்ப நிறுவனம்தானே. என் பார்வையில் வேறுபாடு இரண்டு இடங்களில் இருந்தது. ஒன்று, ஜோ பாம்ஃபோர்டு கடன் வாங்கித் தொழில் பெருக்குவதை வெறுத்தவர். ஈட்டிய இலாபத்தைத் தொழிலுக்குள்ளேயே திருப்பிப் போட்டார். பங்குச் சந்தைக்குப் போகாததால், மூன்று மாதத்துக்கு ஒருமுறை யாருக்கும் இலாபக் கணக்குக் காட்டவேண்டிய நெருக்கடி அவருக்கு இல்லை. மற்றொன்று, இதைவிட முக்கியமானது: நடுத்தர அளவு வண்டியை அந்தக் குடும்பம் விடவே இல்லை. ஏழெட்டு டன் எடையுள்ள, சாலையில் தானே ஓடிப்போகும், ஒரே ஆள் சொந்தமாக வாங்கக்கூடிய வண்டியே அதன் நடுத்தூணாக இருந்தது. ஒரு நாட்டில் சுரங்கத் தொழில் படுத்தாலும், வேறு நாடுகளில் வடிகால் வெட்டவும் வீடு கட்டவும் ஆயிரக்கணக்கான சிறு உடைமையாளர்கள் அந்த வண்டியை வாங்கிக்கொண்டே இருந்தார்கள்.

ஆனாலும் குடும்ப உடைமை தொழிலாளியை எல்லா நெருக்கடியிலிருந்தும் காத்துவிடாது. 2008-இன் உலகப் பொருளாதாரச் சரிவில், வேலைநீக்கத்தைக் குறைப்பதற்காக வேலை நேரத்தையும் கூலியையும் குறைத்துக்கொள்ள ஜேசிபியின் பிரிட்டன் தொழிலாளர்கள் சங்கத்தின் வழியே வாக்களித்து ஒப்புக்கொண்டார்கள். அதற்குப் பிறகும் பலர் வேலை இழந்தார்கள். குடும்பம் நடத்தும் நிறுவனத்தில் முதலாளியின் முகம் தெரியும், முடிவும் விரைவாக வரும். அந்த முடிவு நல்லதாகவும் இருக்கலாம், கசப்பானதாகவும் இருக்கலாம்.

1979-இல் ஜேசிபி இந்தியாவுக்கு வந்தது. ஹரியானாவின் பல்லப்கரில், நந்தா குடும்பத்தின் எஸ்கார்ட்ஸ் நிறுவனத்தோடு சேர்ந்த கூட்டு முயற்சி அது. டிராக்டர் விற்று உழவர்களை அறிந்திருந்த குடும்பம் என்பதால் பொருத்தமான கூட்டு. 2003-இல் கூட்டு முடிந்து முழு உடைமையும் பாம்ஃபோர்டு குடும்பத்துக்குப் போனது. புனே, ஜெய்ப்பூர், வதோதரா என்று தொழிற்சாலைகள் பெருகின. நம் சாலைகளில் மிகுதியாகக் காணும் 3டிஎக்ஸ் மாதிரி இந்தியாவுக்கென்றே அமைந்தது. அதன் பழைய வண்டிகளில் கிர்லோஸ்கர் எஞ்சின் இருந்ததால், கிணற்று மோட்டாரும் டீசல் பம்பும் பார்த்துப் பழகிய மெக்கானிக்குகளுக்கு அது அந்நியமாக இருக்கவில்லை. இன்று அந்த நிறுவனத்தின் மிகப் பெரிய சந்தைகளுள் ஒன்று இந்தியா.

அந்த வண்டி எங்கள் மேட்டு நிலத்துக்கு ஏன் இவ்வளவு பொருந்தியது என்பதற்கு நிலமே விடை சொல்கிறது. தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் பெரும்பாலான நிலம் மானாவாரி. மேலே செம்மண், அதற்குக் கீழே சரளை, அதற்கும் கீழே கரும்பாறை. உடைமைகள் சிறியவை. இங்கே யாருக்கும் மாதக்கணக்கில் இயந்திரம் தேவைப்படுவதில்லை. ஒரு நாள், அரை நாள், சில வேளைகளில் இரண்டு மணி நேரம் போதும். சங்கிலிப்பட்டை வண்டியைக் கொண்டுவர லாரி ஒன்று வேண்டும். டயர் வண்டியோ காரிமங்கலத்தில் காலை வேலை முடித்துக்கொண்டு பிற்பகலில் மொரப்பூருக்குத் தானே ஓடிப்போய்விடும். பின்கை வாளி ஐந்து மீட்டருக்குச் சற்றுக் குறைந்த ஆழம் வரை எட்டும். செம்மண்ணையும் சரளையையும் அது எடுத்துவிடும்; பாறை வந்ததும் நின்றுவிடும், அதற்கு மேல் பாறை உடைக்கும் பிரேக்கரோ வெடியோதான்.

மாங்கன்று நடுவதையே எடுத்துக்கொள்ளுங்கள். 10 மீட்டர் இடைவெளியில், நீளம், அகலம், ஆழம் ஒவ்வொன்றும் 1 மீட்டராகக் குழி எடுக்க வேண்டும் என்பது பரிந்துரை. அப்படியென்றால் ஒரு ஹெக்டேருக்கு 100 குழி, 100 கன மீட்டர் மண். வறண்ட சரளை நிலத்தில் கடப்பாரையும் மண்வெட்டியும் கொண்டு ஒரு நல்ல ஆள் நாள் முழுவதும் உழைத்தாலும் சில குழிகளுக்கு மேல் எடுப்பது கடினம். பின்கை வாளியின் கொள்ளளவு ஏறத்தாழ கால் கன மீட்டர். நான்கைந்து வாரலில் ஒரு குழி முடிந்துவிடும். கிருஷ்ணகிரி வட்டாரத்தில் கம்பும் கேழ்வரகும் விளைந்த மேட்டு நிலங்கள் மாந்தோப்புகளாக மாறியதில் விலை, மாம்பழக் கூழ் தொழிற்சாலைகள், ஆள் பற்றாக்குறை என்று பல காரணங்கள் உண்டு. குழி வெட்டுவது இவ்வளவு எளிதானதையும் அவற்றோடு சேர்த்து எண்ண வேண்டும்.

கிருஷ்ணகிரி வழியாகச் சென்ற சென்னை–பெங்களூரு நால்வழிச் சாலைப் பணிகள், புளோரைடு கலந்த நிலத்தடி நீரைக் குடித்துப் பல்லும் எலும்பும் பாதிக்கப்பட்ட ஊர்களுக்காக 2008-இல் தொடங்கி 2013-இல் செயல்பாட்டுக்கு வந்த ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம், ஏரி குளங்களைத் தூர்வார 2017-இல் தொடங்கிய குடிமராமத்து: இவை ஒவ்வொன்றும் இத்தகைய வண்டிகளுக்கு வேலை கொடுத்த காலங்கள். குழாய் பதிக்கும் குறுகிய நீண்ட பள்ளம் பின்கை வாளிக்கென்றே அமைந்த வேலை. ஏரியில் வண்டலை அள்ளி டிராக்டரில் ஏற்றுவது முன்வாளியின் வேலை.

இந்த வண்டியால் வேலை இழந்தவர்களையும் சொல்லாமல் விட முடியாது. கிணறு வெட்டுவதையும் ஏரிக்கரை போடுவதையும் தலைமுறைத் தொழிலாகக் கொண்ட குழுக்கள் நம் மாவட்டங்களில் இருந்தன. மண்ணைப் பார்த்தே ஊற்று எந்தப் பக்கம் வரும் என்று சொல்லக்கூடிய பெரியவர்கள் அவர்களிடையே இருந்தார்கள். அவர்களுடைய பிள்ளைகளில் பலர் இப்போது பெங்களூரின் கட்டட வேலைக்குப் போகிறார்கள். 2005-ஆம் ஆண்டின் வேலை உறுதிச் சட்டம், தொழிலாளரின் இடத்தைப் பறிக்கும் இயந்திரங்களை இயன்றவரை பயன்படுத்தக் கூடாது என்று விதித்ததற்குக் காரணம் இதுதான். அதனால் ஒரே ஏரியில் ஒரு பருவத்தில் நூறு நாள் வேலைக்காரர்கள் கூடையில் மண் சுமப்பதையும், இன்னொரு பருவத்தில் வேறொரு திட்டத்தின் கீழ் ஜேசிபி அதே மண்ணை வாருவதையும் நாம் பார்த்திருக்கிறோம்.

கனரக இயந்திரம் செய்யும் குடும்பம் இங்கிலாந்தில் இருக்க, அதை வாங்கி ஓட்டுவதும் இங்கே பெரும்பாலும் குடும்பங்கள்தான். அண்ணன் பெயரில் கடன், தம்பி ஓட்டுநர், மைத்துனர் வேலை பிடித்து வருபவர். மணிக்கணக்கு மீட்டரைப் பார்த்துப் பணம் வாங்குவது மட்டும் யாரிடமும் விடப்படாது. வண்டியின் மூட்டுகளை இணைக்கும் பின் என்ற இரும்புத் தண்டும், அதைச் சுற்றியுள்ள புஷ் என்ற வளையமும் தேயத் தேய வாளி ஆடத் தொடங்கும். அதைத் தள்ளிப்போட்டால் கையே விரிசல் விடும் என்பது தெரிந்தும், தவணை கட்டும் மாதத்தில் தள்ளிப்போடுவார்கள். ஐந்து ஆண்டுத் தவணை முடிந்து வண்டி சொந்தமாகும் நாளில் பெரும்பாலும் அதற்குப் பெரிய பழுதுபார்ப்பு தேவைப்படும். இத்தனைக்குப் பிறகும் இரண்டாவது வண்டி வாங்கிய குடும்பங்களை எனக்குத் தெரியும். ஒரே வண்டியோடு நின்றவர்களே அவர்களைவிட அதிகம்.

2021-இல் ஆன்டனி பாம்ஃபோர்டு 10 கோடி பவுண்டுச் செலவில் ஹைட்ரஜனால் இயங்கும் எஞ்சின் ஒன்றை உருவாக்கும் திட்டத்தை அறிவித்தார். மின்கலத்தை விட்டு இதைத் தேர்ந்ததற்கு அவர்கள் சொன்ன காரணம், நாள் முழுவதும் ஓடும் கனமான வண்டிக்கு வேண்டிய மின்கலம் மிகப் பெரிதாகவும் விலை மிகுந்ததாகவும் இருக்கும், அதை நிரப்ப நேரமும் ஆகும் என்பது. பழக்கப்பட்ட எஞ்சினின் உடம்பை வைத்துக்கொண்டு எரிபொருளை மட்டும் மாற்றும் வழி இது. நடுத்தர வண்டியை விடாத அதே குடும்பத்தின் போக்கு இதிலும் தெரிகிறது. நம் பக்கத்து வண்டிக்காரருக்கு எழும் கேள்வி வேறு. பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ பெட்ரோல் பங்கில் கேனில் டீசல் வாங்கி, இருசக்கர வண்டியில் வைத்து, வேலை நடக்கும் வயலுக்கே கொண்டுபோய் ஊற்றித்தான் அவர் இப்போது தொழில் செய்கிறார். உயர் அழுத்தத்தில் அடைத்துவைக்க வேண்டிய ஹைட்ரஜனை அப்படிக் கொண்டுபோக முடியாது. அதை வயலுக்குக் கொண்டுவரும் தனி லாரி ஒன்று வேண்டும், அந்த லாரியை யார் வாங்கி நடத்துவது என்பதும் முடிவாக வேண்டும். அதுவரை அவருடைய வண்டியின் பின்னால் அந்த டீசல் கேன் இருக்கும்.